மூன்றே வரி

கானாவின் தலைநகர் அக்ராவில் ஒரு நாளிதழில் செய்தி திருத்தும் ட்ஸிஃபாவுக்குக் காலையிலிருந்தே வயிறு எரிந்தது. அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த எசினாமுக்குச் சிறந்த நிருபர் விருது. எசினாமே எழுதிக் கொடுத்த அந்தச் செய்தி, திருத்த இவள் மேசைக்கே வந்தது.

நல்லவேளை, பத்திரிகைக்கென்று எழுத்து விதிகள் இருந்தன. அவற்றை எழுதியவளே இவள்தான். நம் ஊழியர் பரிசு வாங்கினால் மூன்றே வரி, நன்றிப் பட்டியல் கிடையாது. கடவுள், பாதிரியார், ஊர்த்தலைவர், மாமன்மார் என்று நீளுவதை யார் படிப்பது? மூன்று வரியை ஏழாம் பக்க மூலையில் வைத்து, மிச்சத்தைப் படிக்காமலே வெட்டினாள். மத்தியானச் சாப்பாடு அன்று தனி ருசியாக இருந்தது.

மறுநாள் எசினாம் பத்திரிகையோடு வந்தாள். "மூணே வரியாடி?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். உன் சொந்தக்காரங்க பேரெல்லாம் போட இது என்ன சாவு போஸ்டரா?"

"சொந்தக்காரங்க பேரு எங்கடி இருந்துச்சு? உன் பேரு ஒண்ணுதான் இருந்துச்சு. என் எழுத்தைப் பத்து வருஷமா மனுஷங்க படிக்கிற மாதிரி ஆக்கினவள்னு போட்டிருந்தேன். சரி விடு, விதின்னா விதிதான்."

அவள் போனதும் ட்ஸிஃபா விதிகளைப் புரட்டினாள். மறுபடி போட வழியில்லை. பிழையில்லாத செய்திக்குத் திருத்தம் வெளியிடக் கூடாது என்றும் அவளேதான் எழுதியிருந்தாள்.