பொட்டாட்டுக்கு மாப்பிள்ளை

1

இந்தக் கதை எனக்கு ஒரே ஒரு வாக்கியமாகத்தான் கிடைத்தது. சயானிலிருந்து மாட்டுங்கா போகும் ரயிலில், நெரிசலில், என் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னாள்: "எங்க அத்தை கர்ப்யூல ஆட்டுக்கு மாப்பிள்ளை தேடிப் போனவள்லா!"

திரும்பிப் பார்ப்பதற்குள் மாட்டுங்கா வந்து, கூட்டம் என்னைப் பிளாட்பாரத்தில் தள்ளிவிட்டது. அத்தை யார், என்ன ஆடு, எந்தக் கர்ப்யூ, ஒன்றும் தெரியாது. மீதி எல்லாம் நான் கட்டியது. ஆங்காங்கே சாரம் பிரிக்காமல் நிற்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "1946 செப்டம்பரில் பம்பாய் நகரம் கலவரத்தில் பற்றி எரிந்தபோது, இந்துக்களும் முஸ்லிம்களும்..."

வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் ஆடு வந்து சேர்வதற்குள் பத்துப் பக்கம் ஓடிவிடும்.

அடுத்தது: "தங்கமயிலுக்குக் குழந்தை இல்லாத குறை. ஆகவே அவள் ஆடுகளை..."

இதுவும் வேண்டாம். ஒரு பெண் ஆடு வளர்க்க அவளுக்கு ஏதாவது குறை இருந்தாக வேண்டுமா என்ன? தங்கமயிலுக்கு மூன்று பிள்ளைகள். ஆடு என்றால் அவளுக்கு உயிர். அவ்வளவுதான்.

3

தங்கமயில் விளாத்திகுளத்துப் பக்கத்துக்காரி. பம்பாயில் சுனாபட்டிக் குன்றடியில் குடியிருந்தாள். கணவன் செல்லப்பாண்டிக்கு மில்லில் வேலை. யுத்த காலத்தில் ராணுவத்தின் கறிக்காகத் தெற்கேயிருந்து ரயிலில் ஆடுகள் வந்து இறங்கும். ஒருநாள் அப்படி ஓட்டிக்கொண்டு போன கூட்டத்துக்குள் நான்கு மட்டும் அவள் கண்ணில் தனியாகத் தெரிந்தன. வெள்ளை உடம்பு, அதில் தெளித்துவிட்டதுபோல் செம்பொட்டு, தொங்கும் காது, நீண்ட கால். அவள் ஊர்ப்பக்கத்துப் பொட்டாடு. பம்பாயில் பார்க்கக் கிடைப்பதெல்லாம் கறுத்த கம்பளி ஆடுகள்தாம்.

"த்தா, த்தா" என்று நாக்கைத் தட்டிக் கூப்பிட்டாள். நான்கும் தலையைத் தூக்கின.

(இதை நம்புவது கொஞ்சம் கஷ்டம். இரண்டு முறை அடித்தேன். இரண்டு முறையும் திரும்பச் சேர்த்துவிட்டேன்.)

செல்லப்பாண்டி மில்லிலிருந்து வந்தபோது அவன் சைக்கிள் நின்ற இடத்தில் மூன்று பெட்டையும் ஒரு கிடாவும் நின்றன.

"ஏட்டி, சைக்கிள எங்க?"

"அதுதான் மேஞ்சிட்டு நிக்கில்லா" என்றாள் அவள். இரண்டு மாதம் அவன் மில்லுக்கு நடந்தே போனான்.

குன்றில் புல் இருந்தது. ஆடுகள் பெருகின. கலப்பு மட்டும் கூடாது என்பதில் அவள் ஒரே பிடியாக நின்றாள். பக்கத்துக் கம்பளிக் கிடாவைச் சும்மாவே சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். "அத விட்டா ரெண்டு ஈத்துல பொட்டு கரைஞ்சிரும்" என்று கல்லெடுத்து விரட்டினாள்.

பிறந்த கிடாக்குட்டி ஒன்றை அவள் தாராவியிலிருந்த மெஹராஜுக்குக் கொடுத்தாள். மெஹராஜ் மேலப்பாளையத்துக்காரி, தோல் பதனிடும் குடும்பம். மகன் ஜமால் கப்பலில் வேலைக்குப் போய், யுத்தத்தில் என்ன ஆனான் என்றே தெரியாமல் இருந்தது. அவன் உயிரோடு வந்தால் இந்தக் கிடாவையே குர்பானி கொடுப்பதாக மெஹராஜ் நேர்ந்துகொண்டாள். ஜமால் ஒரு காது மந்தமாகி, ஆனால் முழுசாக வந்து சேர்ந்தான்.

மறு மழைக்காலத்தில் தங்கமயிலின் கிடா வயிறு உப்பிச் செத்தது. மற்ற குட்டிகள் எல்லாம் பெட்டையாகவே விழுந்திருந்தன. இனி அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்து ஒரே ஒரு பொட்டுக்கிடாதான். அது மெஹராஜின் கொட்டிலில், ஹஜ்ஜுப் பெருநாளுக்காகத் தின்று கொழுத்துக்கொண்டிருந்தது. இடையில் கலவரம். கத்திக்குத்து. கர்ப்யூ.

4

கர்ப்யூவைத் தளர்த்திய ஒரு காலையில் தங்கமயில் சயான் பாலத்தைக் கடந்து போனாள். கடைகள் எல்லாம் பலகை போட்டிருந்தன. பாதி எரிந்த கைவண்டி ஒன்று சாலையில் சக்கரம் மேலாகக் கிடந்தது. தாராவித் தெருவில் ஆண்கள் அவளுடைய நெற்றியைப் பார்த்தார்கள். அவள் பயத்தில் யாரையும் பார்க்கவில்லை.

மெஹராஜ் கதவைத் திறந்து, கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "ஏளா, ஒனக்குப் பைத்தியமா? வெட்டிப் போட்டுட்டுப் போயிருவானுவ!"

தங்கமயில் நேரே கொட்டிலுக்குப் போய்க் கிடாவின் பின்னங்கால்களுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தாள்.

"மதினி, காயடிக்கலயே!"

"ஆளச் சொல்லி வச்சிருந்தேன். அதுக்குள்ள இந்தக் கலவர லஃபடா வந்துட்டு, அவன் வரல."

தங்கமயில் தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு கிடாவைக் கேட்டாள். மெஹராஜ் கிடாவின் கழுத்தைத் தடவினாள்.

"நேர்ந்தது இவனத்தான்ளா. வேற ஆட்ட மாத்தி அறுக்க முடியாது. எம்புள்ள உயிருக்கு நேர்ந்தது."

"மாத்தச் சொல்லல மதினி. பெருநாள் வரைக்கும் குடுங்க. காலைல நானே கொண்டாந்து விடுதேன்."

"ரோட்டுல போக முடியாதபடி ஆயிட்டுன்னா?"

"கொண்டாந்து விடுதேன்" என்றாள் தங்கமயில் மறுபடியும்.

மெஹராஜ் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தாள்.

திரும்பும்போது கர்ப்யூ தளர்த்திய நேரம் தாண்டிவிட்டது. பாலத்தடியில் ஒரு போலீஸ்காரர் மறித்தார். "பக்ரா லேகே கிதர்?" ஆட்டோடு எங்கே என்று.

அவளுக்குத் தெரிந்த இந்தி கொஞ்சம். "ஷாதி, சாப்" என்றாள். கல்யாணம். யாருக்கு என்று அவர் கேட்க, கிடாவைக் காட்டினாள்.

முதல் வரைவில் அவர் லத்தியால் அவள் முதுகில் ஒன்று போட்டார். கதைக்குக் கனம் வரட்டும் என்று நான் போடவைத்த அடி அது. அவளுக்குத் தேவையில்லாதது. இப்போது அவர் சிரித்துவிட்டு, "சல், சல்" என்று விரட்டிவிடுகிறார்.

5

கிடாவின் தாயைத் தங்கமயில் தனியே கட்டினாள். சிட்டு, மல்லி என்ற இரண்டு பெட்டைகளோடு மட்டும் விட்டாள். அவை அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. நாட்கள் போயின. அவள் சோற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு ஆட்டையே பார்த்திருந்தாள். பெருநாள் நெருங்கும்போதுதான் சிட்டு அவனிடம் போய் நின்றாள். மல்லி நின்றாளா என்று தங்கமயிலுக்கு உறுதியாகத் தெரியாது. அன்று அவள் தண்ணீருக்குப் போயிருந்தாள்.

பெருநாளுக்கு முந்திய மாலை செல்லப்பாண்டி சொன்னான்: "கொண்டு போவாத. கர்ப்யூன்னு சொல்லிக்கிடலாம். யாரு கேக்கப் போறா?"

"மதினி கேக்க மாட்டா. அதான் போணும்."

"ஜனங்க என்ன சொல்லுவாங்க தெரியுமா? நம்மாளு அவங்களுக்கு ஆடு ஓட்டிட்டுப் போறான்னு..."

"ஆடு அவ ஆடு."

ஒரு நல்ல கணவனாக அவனை அவளுடன் அனுப்பலாமா என்று யோசித்தேன். அவனுக்குப் பயம். பயப்படுகிறவனைக் கெட்டவனாக்க எனக்கு மனமில்லை. பாலம் வரை வந்தான். அதுவே பெரிது.

6

அந்தக் காலை அவள் கிடாவைக் கழுவி, எண்ணெய் தடவி, நடத்திக்கொண்டு போனாள். வழியில் இருமுறை அது நின்று திரும்பிப் பார்த்தது. இருமுறையும் அவளுக்கு ஓடிவிடத் தோன்றியது. மெஹராஜ் வாசலில் நின்றிருந்தாள். பக்கத்தில் ஜமால்.

இந்த இடத்தில் மெஹராஜ் என்ன சொல்வாள் என்று பல விதமாக எழுதிப் பார்த்தேன். "எனக்குத் தெரியும், நீ..." "மனுஷங்கன்னா..." எல்லாமே மேடையில் நின்று பேசுவதுபோல் இருந்தன. கடைசியில் அவள் கேட்டது இதுதான்:

"தண்ணி குடிச்சானா?"

"குடிச்சான் மதினி."

கிடாவைப் பிழைக்க வைக்க என்னால் முடியும். ஒரு வரி போதும். ஆனால் அந்த நேர்ச்சை என்னுடையது அல்ல. அறுத்தார்கள். நேர்ச்சைக் கறியை அந்த வீட்டார் வாயில் வைக்கக் கூடாது. ஜமால் முழுவதையும் ஏழைகளுக்குப் பங்கிட்டான். அது முடியும்வரை இரண்டு பெண்களும் அடுக்களையில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கமயிலின் கை மெஹராஜின் மடியில் இருந்தது.

7

சித்திரை வெயிலில் சிட்டு ஈன்றாள். பெட்டை. அருமையான பொட்டு, ஆனாலும் பெட்டை.

மல்லிக்கும் வயிறு இறங்கியிருந்தது. அடுத்த வாரம் உச்சி வெயிலில் அவளுக்கு வலி கண்டது. தகவல் கேட்டு மெஹராஜ் தாராவியிலிருந்து நடந்தே வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மல்லியின் தலையைப் பிடித்தாள். தங்கமயில் கையில் எண்ணெய் தடவினாள். இரண்டு குளம்புகள் தெரிந்தன. பிறகு மூக்கு. பிறகு ஒரே வழுக்கலில் குட்டி முழுவதும் அவள் கையில் வந்து விழுந்தது. அவள் வாயைத் துடைத்துவிட்டாள். குட்டி தும்மியது.

"என்ன குட்டிளா?" என்றாள் மெஹராஜ்.

தங்கமயில் கண்ணை மூடிக்கொண்டு குட்டியை அவளிடம் நீட்டினாள். "நீங்களே பாருங்க மதினி."

மெஹராஜும் கண்ணை மூடிக்கொண்டாள். "நா மாட்டேன்."

நானும் பார்க்கவில்லை. ஈரக்குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் வெயிலில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். சீக்கிரம் வந்து, வாலைத் தூக்கி நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.