கோணல் கூடம்

தெருவிளக்கு அணைவதற்கு முன்பே கூடத்தில் கைகள் ஓடத் தொடங்கிவிடும். குளிர்சாதனம் எலும்பைத் தேடிக் குத்தும். வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களின் தோளில் சால்வையும் துண்டும் கிடக்கும். மவுஸைப் பிடித்த வலது கை மட்டும் வெளியே நீண்டிருக்கும். மணிக்கட்டு உரசி உரசி ஒவ்வொரு மேசையிலும் ஒரு வழவழப்பான தடம் விழுந்திருந்தது. சாயம் போனது மேசைக்கு, தோல் போனது கைக்கு.

எங்கெங்கோ இருக்கும் மருத்துவமனைகள் கேட்கும் சரக்கைக் கிடங்கிலிருந்து அனுப்பி வைப்பதுதான் இவர்கள் வேலை. திரையில் ஒரு வரி வரும். படித்து, சரிபார்த்து, 'அனுப்பு' என்ற கட்டத்தில் அழுத்த வேண்டும். அதற்குக் கீழேயே 'ரத்து' என்று இன்னொரு கட்டம். எதை அழுத்தினாலும் 'அனுப்புவது உறுதியா?', 'ரத்து செய்வது உறுதியா?' என்று, முதல் சொல் மட்டும் மாறி ஒரே மாதிரிப் பெட்டி வந்து நிற்கும். விசைப்பலகையில் 'ஆம்' தட்டினால் அடுத்த வரி.

கேட்டால் சுலபம்தான். ஆனால் அந்தக் கூடத்தில் அம்பு காட்டும் இடம் ஒன்று, அழுத்தம் விழும் இடம் இன்னொன்று.

இவர்கள் முன்னால் இருப்பது வெறும் திரை. வேலை நடப்பது கீழ்த்தளத்து அறையில் இருக்கும் ஒரு பழைய பெரிய கணினிக்குள். ஒரே வீட்டை அட்டை வைத்துத் தடுத்து இருபது குடித்தனம் விட்ட மாதிரி, அதன் வயிற்றுக்குள் ஆளுக்கொரு மெய்நிகர் கணினியை அடைத்து வைத்திருந்தார் முதலாளி. ரிமோட் டெஸ்க்டாப் வழியாகக் கையை நீட்டித்தான் அதைத் தொட வேண்டும். திரையில் தெரியும் அம்பு ஒரு பக்கம் போகும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு அம்பு இரண்டு விரல் தள்ளி நிற்கும்.

அதனால் கூடத்துக் கைகள் தானாகவே கோணப் பழகியிருந்தன. தூணோரத்துச் சீட்டில் குறிக்கு இரண்டு விரல் மேலே அழுத்த வேண்டும். ஜன்னலோரத்தில் ஒரு விரல் இடப்பக்கம். இடம் மாறி உட்கார்ந்தால் முதல் கேள்வியே, "உன் அம்பு எந்தப் பக்கம் சாயும்?" என்பதுதான். தூண் சீட்டுக்காரர் வீட்டிலும் லிஃப்ட் பொத்தானுக்கு மேலே சுவரை அழுத்திக்கொண்டு நிற்பார் என்று ஒரு கேலி உண்டு. அவரே அதை மறுத்ததில்லை.

இந்தக் கோளாறுக்கு வைத்தியம் பார்க்கத்தான் அவள் இருந்தாள். எல்லோரும் அவளை டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். அம்பு மறைந்துவிட்டதா, டாக்டர். அம்பு இரண்டாகத் தெரிகிறதா, டாக்டர். இணைப்பைத் துண்டித்து மறுபடி கொடுப்பாள், திரையின் அளவை மாற்றிப் பார்ப்பாள். அரை நாள் தாங்கும். நோய் எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அம்பு எவ்வளவு நகர்ந்தது என்று மட்டும்தான் உள்கணினிக்குச் சேதி போகிறது. வழியில் கொஞ்சம் சிந்தினால் கணக்கு பிசகுகிறது. எங்கே நிற்கிறது என்பதையே நேராகச் சொல்லும்படி அமைப்பை மாற்றிவிட்டால் தீர்ந்தது. அதற்கு ஒவ்வொரு கணினியையும் முழுக்க நிறுத்தி மறுபடி இயக்க வேண்டும். கூடம் ஒரே ஒரு மதியம் சும்மா இருந்தால் போதும்.

கேட்டாள். கண்ணாடி அறைக்குள் இருந்தபடியே முதலாளி சிரித்தார். "கை அவங்களோடதுதானேம்மா? அம்பு அங்க இல்லன்னா கையை நகர்த்தட்டும்."

கைகள் நகர்ந்துகொண்டுதான் இருந்தன, நாத்தனாரின் கை பிசகும் வரைக்கும்.

நாத்தனார் என்றால் டாக்டருடைய கணவனின் தங்கை. ஜன்னலோரத்துச் சீட்டு அவளுடையது. பேச்சும் வேகம், கையும் வேகம். கூடத்தில் அவளை மிஞ்சி வரி தள்ள ஆள் கிடையாது. அன்றைக்குத் தூண் சீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். கண்காணிப்பாளர் வந்து, அந்த இடத்துக்குப் போ என்றார். அம்பு எந்தப் பக்கம் சாயும் என்று கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை. மூளைக்குச் சீட்டு மாறியது தெரியும். பழகின கைக்குத் தெரியவில்லை. ஜன்னலோரத்துக் கணக்கில் அழுத்தினாள். அழுத்தம் இரண்டு விரல் கீழே, 'ரத்து' மேல் விழுந்தது. பார்வைக்கு அதே பெட்டி, முதல் சொல் மட்டும் வேறு. 'ஆம்' என்று அதே வேகத்தில் தட்டிவிட்டாள்.

ரத்தானது ஒரு சிறுநீரக மருத்துவமனைக்குப் போக வேண்டிய திரவம். மறுநாள் அங்கே ரத்தச் சுத்திகரிப்புக்கு வந்தவர்களைப் படுக்கையில் ஏற்றாமலே திருப்பி அனுப்பினார்கள். யாரும் சாகவில்லை. சாகாதது யாருடைய புண்ணியமோ, முதலாளியுடையது இல்லை.

கண்ணாடி அறைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். டாக்டரும் கூடப் போனாள். "இது சீட்டு மாத்தினதால வந்தது சார், அவ மேல தப்பு இல்ல" என்றாள்.

முதலாளி அவளைப் பார்க்கவே இல்லை. நாத்தனாரைப் பார்த்து, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றார். கண்காணிப்பாளர் அளவாகச் சிரித்தார். அம்பு காட்டிய இடத்தில் அழுத்தாமல் கவனக்குறைவாக வேலை செய்தாள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அன்றே வெளியே அனுப்பினார்கள். அந்த வரி இனி எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வீட்டில் நாத்தனார் பேச்சை நிறுத்திவிட்டாள். மணிக்கட்டில் கட்டியிருந்த துணியை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். அண்ணன் ஆறுதல் சொல்ல வந்து, பாதியிலேயே குழாயைப் பழுது பார்க்கப் போய்விட்டான். ஒரு தரம் மட்டும் வாய் திறந்தாள். "அங்க படுக்கையில ஏத்தாம அனுப்புனாங்களே, அவங்க முகத்தை என்னால நினைக்காம இருக்க முடியல அண்ணி."

டாக்டருக்கு வயிறு எரிந்தது. முதலாளி உட்கார்ந்து வியர்ப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கறுவிக்கொண்டாள். சோறு பிசையும்போதும் அதே நினைப்பு, பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் அதே நினைப்பு.

வாய்ப்பு தானாக வந்தது. வேலை கொடுக்கும் மருத்துவமனைக் கூட்டமைப்பின் ஆட்கள் கூடத்தை நேரில் பார்க்க வருவதாகத் தகவல். அவர்கள் கண்ணுக்கு அழகாக இருக்க, முந்தைய நாள் மதியத்தோடு வேலையை நிறுத்திச் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னார் முதலாளி. அம்புக்குக் கிடைக்காத மதியம் சுவருக்குக் கிடைத்துவிட்டது. கீழ்த்தளத்துச் சாவி டாக்டரிடம்தான் இருந்தது. அந்த மதியத்தில் யாருக்கும் தெரியாமல் எல்லா அம்பையும் நேராக்கிவிடலாம். மறுநாள் விடியலில் கோணப் பழகின கைகள் வந்து உட்காரும். ஒரு கைகூடக் குறியில் விழாது. வந்தவர்கள் முன்னால் கூடம் முழுக்கத் தடுமாறும். சரி செய்ததற்காக யாராவது அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? நினைக்க நினைக்க இனித்தது.

அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே நாத்தனாரிடம் சொன்னாள். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாள். நாத்தனார் மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"யார் கை தப்பும் அண்ணி?"

டாக்டர் அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

"நம்ம ஆளுங்க கைதான் தப்பும். பழியும் அவங்க மேலதான் விழும். எனக்காகப் பழி வாங்கறேன்னு கூடத்தையே என்னை மாதிரி ஆக்கிடுவீங்க. இன்னொரு ஆஸ்பத்திரிக்குச் சரக்கு போகாது."

"அப்ப அந்த ஆளைச் சும்மா விடச் சொல்றியா?"

"விடவா? நான் எப்ப விடச் சொன்னேன்?" பல நாள் கழித்து அவள் கண்ணில் பழைய வேகம் வந்தது. "என் மேல என்ன எழுதினாரு? அம்பு காட்டுன இடத்துல அழுத்தலைன்னுதானே? எல்லாரும் அங்கயே அழுத்திக் காட்டுங்களேன். அவர் சொன்னதைச் செஞ்சா அவரால என்ன சொல்ல முடியும்?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பழியிலும் இவள் கைதான் வேகம் என்று தோன்றியது.

படிக்கட்டிலும் கழிவறை வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் சேதி பரவியது. பயந்தவர்கள் இருந்தார்கள். நாளைக்கே நம்மையும் துரத்தினால் என்ன செய்வது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தூண் சீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். காய்ச்சல் எனக்கு வந்தது, வேலை அவளுக்குப் போனது. நாளைக்குக் காய்ச்சல் யாருக்கு வருமோ, வேலை யாருக்குப் போகுமோ என்றார். அதற்குமேல் யாரும் வாதாடவில்லை. நாத்தனார் ஒரு நிபந்தனை மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள்: அவசரம் என்று சிவப்பில் வரும் வரியைப் பழைய கையாலேயே அனுப்பிவிட வேண்டும், தப்பி 'ரத்து' விழுந்தால் 'இல்லை' என்று சொல்லிவிட வேண்டும்.

வருகை நாளன்று விடியலில் கூடம் சுண்ணாம்பு வாடையோடு இருந்தது. கண்ணாடி போட்ட ஓர் அம்மாளும் குட்டையான ஒருவரும் வந்தார்கள். முதலாளி மாப்பிள்ளை வீட்டாரை அழைப்பதுபோல் அழைத்து வந்தார். இங்கே ஒவ்வொரு கையும் கடிகாரம் மாதிரி என்றார்.

கடிகாரங்கள் நின்றிருந்தன. சிவப்பு வரிகள் போன பிறகு, கூடம் முழுவதும் அம்பு காட்டிய இடத்திலேயே அழுத்தியது. வெற்றிடத்தில் விழுந்தது, பக்கத்து வரியில் விழுந்தது, ரத்தில் விழுந்தது. 'இல்லை.' மறுபடி. 'இல்லை.' மறுபடி. மவுஸ் தட்டும் சத்தம் மட்டும் ஆலங்கட்டி மழைபோல் விழுந்துகொண்டிருந்தது. வரிகள் திரைகளில் தேங்கி நின்றன.

கண்காணிப்பாளர் வரிசைக்கு வரிசை ஓடினார். முதலாளி குரலைத் தாழ்த்தி, "என்ன கூத்து இது?" என்றார்.

"அம்பு காட்டுற இடத்துல அழுத்தறோம் சார்" என்றார் தூண் சீட்டுக்காரர். "நீங்க எழுதினபடியே."

வந்திருந்த அம்மாள், கணினியில் கோளாறா என்று கேட்டாள். கோளாறு ஒன்றும் இல்லை, ஆட்கள்தான் சோம்பேறிகள் என்றார் முதலாளி. சொன்னதோடு நின்றிருக்கலாம். தூண் சீட்டுக்காரரை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தார், மவுஸைப் பிடித்தார், அம்பை 'அனுப்பு' மேல் வைத்து, எல்லோரும் பார்க்க அழுத்தினார்.

'ரத்து செய்வது உறுதியா?' என்று கேட்டது திரை.

மூடிவிட்டு மறுபடி அழுத்தினார். மறுபடி அதே கேள்வி. குளிர் எலும்பைக் குத்தும் அந்தக் கூடத்தில் முதலாளியின் காதோரம் வியர்வை இறங்கியது. டாக்டர் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். இத்தனை நாள் பசித்திருந்தவள்போல் அந்த வியர்வையைப் பார்த்தாள்.

"அம்பு காட்டுற இடத்துலதானே அழுத்தினீங்க சார்?"

அவர் மூன்றாம் தரம் அழுத்தினார்.

"உங்களுக்கு ஆடத் தெரியாதுன்னு நாங்க சொல்லல. கூடம் கோணல்தான். இதே சீட்டுலதான் அவ கை தப்பினது. அவ மேல எழுதினதைக் கிழிங்க. அவளைத் திரும்பக் கூப்பிடுங்க. எனக்கு ஒரு மதியம் கொடுங்க, எல்லாத்தையும் நேராக்கிடறேன்."

"ஒரு மதியமா? ஒருத்தரும் நாளைக்கு உள்ள வர முடியாது" என்றார் முதலாளி. கண்ணாடி போட்ட அம்மாள் அந்தச் சீட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டாள். குட்டையானவரோடு படியிறங்கிப் போனாள். அவள் என்ன செய்வாள் என்று யாருக்குத் தெரியும்? அவளை நம்பி யாரும் அழுத்தவில்லை.

மறுநாளும் தெருவிளக்கு அணையும் முன்பே வந்தார்கள். வாசலில் இருந்த ரேகை இயந்திரம் ஒவ்வொரு விரலாக மறுத்தது. மறுக்கப்பட்டவர்கள் படியில் உட்கார்ந்தார்கள். நாத்தனாரும் வந்திருந்தாள், அவள் விரலை மறுத்துப் பல நாளாகிவிட்டது, ஆனாலும் இன்னொரு தரம் வைத்துப் பார்த்துவிட்டு, "உங்களைவிட நான் சீனியர்" என்றாள். சிரித்தார்கள். பயத்தோடுதான் சிரித்தார்கள்.

வேன் ஒன்று வந்தது. எங்கிருந்தோ திரட்டிய புது ஆட்கள் தலையைக் குனிந்தபடி உள்ளே போனார்கள். யாரும் அவர்களை ஏசவில்லை. மாடியில் கண்ணாடி அறை விளக்கு எரிந்தது. டாக்டர் அதையே முறைத்துக்கொண்டிருந்தாள். அவள் நெருப்பு அணையவில்லை. ஆனால் இப்போது அதைத் தனியாக வயிற்றில் கட்டிக்கொண்டு அலைய வேண்டியிருக்கவில்லை.

வெளிச்சம் வந்த பிறகு புது ஆட்களில் ஒருவர், நடுவயதுக்காரர், வலது மணிக்கட்டைப் பிசைந்தபடி கீழே இறங்கி வந்தார். படியில் இருந்தவர்களைத் தயங்கிப் பார்த்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. உள்ள எதைத் தொட்டாலும் ரத்துங்குது. அந்த அம்பு எந்தப் பக்கம் சாயும்?"

எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தார்கள். கேட்க ஆளில்லாமல் தூண் சீட்டில் உட்கார்ந்தவள் அவள்தான். நகர்ந்து, படியில் அவருக்கு இடம் விட்டாள்.

"உக்காருங்க அண்ணே, சொல்றேன். உங்களை எதுக்குக் கூட்டிட்டு வந்தாங்கங்கறதையும் சொல்றேன்."

அவர் ஒரு தரம் திரும்பி மாடியைப் பார்த்தார். பிறகு கழுத்தில் தொங்கிய புது அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.