செவுள் பார்த்தவர்

2005ஆம் ஆண்டு தேம்ஸ் நதியில் ஒரு சால்மன் மீனும் பதிவாகவில்லை. 1993இல் பதிவானவை 338.

2006 கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லண்டனின் மேற்கு ஓரத்தில், அந்த நதிக்கரைத் தூண்டில் சங்கத்தின் தற்காலிக உறுப்பினராகப் புவனேந்திரன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். ஜெர்மனியில் கோப்பை கழுவிச் சேர்த்த காசில் ஹவுன்ஸ்லோவில் இரண்டு பலசரக்குக் கடை போட்டவர். அவருக்கு வீடு இருந்தது, கார் இருந்தது, அட்டைதான் இல்லை. மனைவியின் தம்பி, குட்மேய்ஸில் குடியிருந்த அம்பலவாணன், கோல்ஃப் கிளப்பில் சேர்ந்து, கலியாண வீடுகளில் பர்ஸைத் திறக்கிற சாக்கில் அதன் உறுப்பினர் அட்டையை எல்லோர் கண்ணிலும் படவைத்தான். அதற்கு ஈடாகத் தனக்கும் ஓர் அட்டை வேண்டும் என்று புவனேந்திரன் ஒரு வருடமாகத் தவம் கிடந்தார். அவரை நிரந்தரமாகச் சேர்ப்பதா என்று செயற்குழு அன்று மாலை முடிவெடுக்க இருந்தது.

சங்கத்தின் விதிகள் அவருக்குத் தேவாரம் போல மனப்பாடம். கையை நனைக்காமல் மீனைத் தொடக்கூடாது. பிடித்த மீனைத் திருப்பி விடவேண்டும். சால்மன் என்றால், அது எந்த நிலையில் இருந்தாலும் ஆற்றுக்கே போகவேண்டும். அதுவும் சால்மன் பிடிக்கும் உரிமை நிரந்தர உறுப்பினர்களுக்கு மட்டுமே. அந்த உரிமையை வைத்திருந்தவர்கள் பல வருடங்களாகச் சால்மனைக் கண்ணாலும் கண்டதில்லை.

வேடிக்கை பார்க்க வந்த அம்பலவாணன் மடக்குக் கதிரையில் உட்கார்ந்து கட்லட் தின்றான்.

"திருப்பி விடுறதெண்டால் ஏன் அத்தான் பிடிக்கிறியள்?"

"அதுதான் மச்சான் ஸ்போர்ட். நீ பந்தை அடிச்சுத் துலைச்சுப்போட்டுப் பிறகு தேடித் திரியிறேல்லையே?"

"பந்துக்கு நோகாது."

அப்போது தூண்டில் வளைந்தது. சாதாரண ஆற்றுமீனுக்குப் போட்ட இரையில் வெள்ளி மின்னும் பெரிய மீன் ஒன்று மாட்டியிருந்தது. கரையில் யாரோ "சால்மன்!" என்று கத்தினார்கள். செயலாளர் பெல்லாமி தேநீரைப் புல்லில் ஊற்றிவிட்டு ஓடிவந்தார்.

புவனேந்திரன் கையை நனைத்தார். அதுவரை எல்லாம் விதிப்படிதான். ஆனால் சவுத்தால் மீன்கடையில் சனிக்கிழமை தவறாமல் பழகிய கை அது. விரல் தானாகச் செவுளுக்குள் போனது, தூக்கியது, விரித்தது.

"நல்ல சிவப்பு," என்றார் திருப்தியோடு. "ஐஸ் படாத மீன்."

"உயிரோட துடிக்குது, அத்தான்!" என்றான் அம்பலவாணன்.

அதற்குள் செவுள் கிழிந்து இரத்தம் மணிக்கட்டில் வழிந்தது. பெல்லாமி மீனை வாங்கி ஆற்றில் இறங்கினார். தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, குழந்தையைக் குளிப்பாட்டுவது போல முன்னும் பின்னும் அசைத்தார். மற்றவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவரைச் சுற்றி முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். மீன் வயிற்றை வானத்துக்குக் காட்டியது.

"செத்ததுக்கு நீச்சல் பழக்கிறாங்கள்," என்றான் அம்பலவாணன். "கேட்டு வாங்குங்கோ அத்தான், அக்கா குழம்பு வைப்பா."

"வாயைப் பொத்து. என்ரை அட்டை போகப்போகுது."

விதிப்படி பெல்லாமி கையை எடுத்தார். சால்மன் பக்கவாட்டில் சரிந்து கடலை நோக்கி மிதந்து போனது. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார். பிறகு எல்லோரும் மண்டபத்துக்குள் போய், ஸ்காட்லாந்துப் பண்ணைச் சால்மன் வைத்த சாண்ட்விச் சாப்பிட்டார்கள்.

கதவு மூடிய அறைக்குள் செயற்குழு நெடுநேரம் இருந்தது. புவனேந்திரன் வெளியே சட்டைக் கையில் காய்ந்த இரத்தத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். உள்ளே அவரை விலக்கும் யோசனைதான் முதலில் வந்தது. ஆனால் தற்காலிக உறுப்பினர் பிடித்த சால்மன் சங்கத்தின் கணக்கில் சேராது. சேராவிட்டால், சால்மன் திரும்பிவிட்டது என்று நன்கொடையாளர்களுக்கு அறிவிக்க முடியாது. அப்படியொரு அறிவிப்புக்காகச் சங்கம் வருடக்கணக்கில் காத்திருந்தது.

பெல்லாமி வெளியே வந்து கைகொடுத்தார். செவுளைப் பற்றி எவரிடமும் பேச வேண்டாம் என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார்.

புவனேந்திரன், மீன் பிடிபட்டதற்கு முதல்நாள் தேதியிட்டு, நிரந்தர உறுப்பினராக்கப்பட்டார். அட்டை தபாலில் வந்தது. ஆண்டறிக்கையில் ஒரு சால்மன் பிடிக்கப்பட்டு ஆற்றில் விடப்பட்டதாக அச்சானது. அந்தப் பருவத்தில் வேறு சால்மன் பிடிபடவில்லை.