இந்தப் பிரதிக்கு மட்டும்

வேதமணி அங்கிள் சிரிக்கிற சத்தம் கேட்டு, அலமாரிக்குப் பின்னாலிருந்து கெசியா எட்டிப் பார்த்தாள். அந்த மனிதருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. மராத்தி பேசும் அந்த ஊரில், கேம்ப் பகுதியில் ஒரு துணிக்கடையின் மாடியில், சனி ஞாயிறு மட்டும் திறக்கிற அந்தத் தமிழ் நூலகத்தை ஆரம்பத்திலிருந்தே கட்டிக் காப்பவள் அவள். அத்தனை வருஷமும் அங்கிள் புத்தகத்தை நீட்டுவார், வேறொன்றை வாங்குவார், "வாரேம்மா" என்பார். அதோடு சரி. இப்போது என்னடாவென்றால், கிருஷ்ணப்ரியாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது தன் மனைவி ஒரு நாவலின் ஓரங்களில் பென்சிலால் பெயர்களாக எழுதித் தள்ளியதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். மனைவி இறந்த பிறகு அந்த நாவலை நூலகத்துக்குக் கொடுத்தவர் அவர். வாங்கி முத்திரை குத்தி எண் போட்டவள் கெசியா. ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா?

கிருஷ்ணப்ரியா கோயம்புத்தூர்ப் பெண். மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை. மழைக்காலத்தில் ஒருநாள் குடையும் கையுமாகப் படியேறி வந்து, "நானும் ஏதாச்சும் பண்றேனுங்க அக்கா" என்றவள். வந்தவள் அலமாரியைத் துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். புத்தகப் பட்டியலில் கை வைத்தாள். அந்தப் பட்டியல் கெசியா பார்த்துப் பார்த்துச் செய்தது. பெரிய நூலகங்கள் சேர்ந்து இணையத்தில் வைத்திருக்கும் பொதுப் பட்டியலிலிருந்து ஒவ்வொரு புத்தகத்தின் விவரத்தையும் அவள்தான் இறக்கிச் சேர்த்தாள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, எல்லாம் பிசிறில்லாமல் இருக்கும்.

"இதெல்லாம் எந்த ஊரு லைப்ரரிலயும் இருக்குமுங்க. நம்ம கையில இருக்கற இந்தப் புஸ்தகத்துக்குன்னு ஒண்ணும் இல்லீங்களே" என்றாள் கிருஷ்ணப்ரியா. யாரும் தொடாமல் அடியில் காலியாகக் கிடந்த ஒரு கட்டத்துக்கு 'இந்தப் பிரதிக்கு மட்டும்' என்று பெயர் வைத்து நிரப்ப ஆரம்பித்துவிட்டாள். இது கட்கியில் ஒரு வீட்டில் வெள்ளத்தில் நனைந்து பிழைத்த பிரதி. இதைத் தருண் என்கிறவர் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினார். இதன் நடுவில் ஒரு சினிமா டிக்கெட் இருக்கிறது, எடுத்துவிட வேண்டாம். இப்படி.

அவ்வளவுதான், ஊரே திரண்டது. தமிழ் வாசிக்கத் திணறுகிற பிள்ளைகள்கூடத் தங்கள் வீட்டுப் பெயர் திரையில் வருகிறதா என்று பார்க்க வந்தார்கள். பாக்கர்வடியும் கரஞ்சியுமாகப் பலகாரங்கள் டப்பா டப்பாவாக வந்தன, எல்லாம் கிருஷ்ணப்ரியாவுக்கு. நூலகத்தை நடத்தும் தமிழ் மன்றத்தின் தலைவர் கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். கெசியாவும் தட்டினாள். வயிறு பற்றி எரிந்தது. நான் கேட்டிருந்தால் என்னிடம் சொல்லியிருக்க மாட்டார்களா என்று நினைத்தாள். நீ ஏன் கேட்கவில்லை என்று உள்ளே ஒன்று திருப்பிக் கேட்டது, அது இன்னும் எரிந்தது. அந்தக் குறிப்புகளில் ஒன்றைக்கூடப் படிப்பதில்லை என்று வைராக்கியம் வைத்துக்கொண்டாள். ஏதாவது பதிவைத் திறந்தால், அடிக்கட்டம் வருவதற்குள் மூடிவிடுவாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது, பொதுப் பட்டியலில் ஆசிரியர் பெயர்களையெல்லாம் திருத்தியிருக்கிறார்கள், புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள் என்று தகவல் வந்தது. அந்த வேலை கெசியாவுடையது. சனிக்கிழமை காலை, நூலகத்தில் வேறு யாரும் இல்லை. புதிய விவரம் வந்து பழையதன் மேல் உட்காருவதற்கு முன்னால் கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கும்: நீங்களாகச் சேர்த்த குறிப்புகளை வைத்துக்கொள்ளவா? பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் போடாவிட்டால் எல்லாம் துடைத்துக்கொண்டு போகும். முன்பெல்லாம் சேர்த்த குறிப்பு என்று எதுவும் இருந்ததில்லை, அதனால் டிக் போட்டுப் பழக்கமும் இல்லை. மறந்துவிட்டேன் என்றுதான் அவள் எல்லோரிடமும் சொன்னாள். மறக்கவில்லை. அம்புக்குறியை அந்தக் கட்டத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தி, அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு கீழே இறக்கி 'சரி'யை அழுத்தினாள்.

மத்தியானம் வேதமணி அங்கிள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாட்டி எழுதிய பெயர்களைப் பற்றித் திரையில் காட்டவேண்டுமாம். கிருஷ்ணப்ரியா தேடினாள். மறுபடி தேடினாள். வேறு புத்தகங்களைத் திறந்தாள். எல்லாவற்றிலும் அடிக்கட்டம் காலி. பட்டியலுக்கு நகல் எடுத்து வைப்பதும் கெசியாவின் பொறுப்புதான். கோடைக்குப் பிறகு அவள் எடுக்கவில்லை.

"இன்னொருக்கா சொல்லுங்க அங்கிள், இப்பவே அடிச்சிருதேன்" என்று கெசியா முந்திக்கொண்டு நாற்காலியை இழுத்தாள். குரலில் அவளுக்கே பிடிக்காத ஒரு குழைவு.

"ஒருக்கா சொல்லியாச்சும்மா" என்றார் அவர். "மறுக்கா சொல்ல வரல." பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினார்.

கிருஷ்ணப்ரியா சண்டை போட்டிருந்தால் கெசியாவுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விடுங்க அக்கா, வேணும்னா பண்ணுனீங்க? எனக்கு முக்கால்வாசி ஞாபகம் இருக்குதுங்க. நாளைக்கு உக்காந்து அடிச்சுக்கலாம்" என்றாள். ஞாபகத்திலும் அவள்தான் வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் வழக்கம்போல கெசியாவின் கணவன் வால்டர் வந்தான். சிஞ்ச்வடில் ஒரு பட்டறையில் வேலை. சனிக்கிழமை லோக்கல் ரயில் பிடித்து, பஸ் மாறி வந்து, மனைவி பூட்டும்வரை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். பிறகு இருவரும் ஸ்கூட்டரில் கோர்ப்படியில் இருக்கும் வீட்டுக்குப் போவார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கெசியா சாப்பாடு போடும்போதுதான் சொன்னாள், குறிப்பெல்லாம் தவறிப்போய் அழிந்துவிட்டது என்று.

வால்டர் கை சோற்றிலேயே நின்றது. "எல்லாமா? தேனீ புக்குல உள்ளதுமா?"

தேனீ வளர்ப்பு பற்றி ஒரு புத்தகம் உண்டு. யாரும் எடுத்துப் போவதில்லை. பெஞ்சுக்குப் பக்கத்து அலமாரியில் இருப்பதால் வால்டர் அதைத்தான் எப்போதும் புரட்டிக்கொண்டிருப்பான்.

"அதுல என்ன இருந்துச்சு?"

"நீ பாக்கலியா?" அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "அந்தப் பிள்ள கேட்டா. எதுக்கு இத்தன வருஷமா இந்த ஒரு புக்கையே வச்சுட்டு உக்காந்திருக்கீங்கன்னு. சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"அதான் போட்டிருந்தாளே."

"போயிட்டுங்கேன்லா. இப்ப சொல்லுங்க."

"ஜானே தோ, விடு." தட்டோடு எழுந்தான். கை கழுவிக்கொண்டே, அவளைப் பார்க்காமல், "உங்கிட்ட நேரா சொல்ல வாயில வந்திருந்தா அவகிட்ட ஏன் சொல்லப்போறேன்? என்னைக்காவது நீயே படிப்பேன்னு நெனச்சேன்" என்றான்.

அந்தக் கட்டத்தைக் கெசியா எத்தனையோ முறை படிக்காமல் மூடியிருக்கிறாள். கிருஷ்ணப்ரியா தன்னைப் பார்த்துச் சில நாள் காரணமில்லாமல் சிரித்ததற்கு, கேலி செய்கிறாள் என்று எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பியதும் நினைவுக்கு வந்தது. தன் புருஷன் தன்னைப் பற்றி என்ன சொன்னான் என்பது இன்னொருத்திக்குத் தெரிகிறது, தனக்குத் தெரியவில்லை. பொறாமையில் இப்படி ஒரு வகை இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேராக நூலகத்துக்கு வந்தாள். கிருஷ்ணப்ரியா ஏற்கெனவே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள்.

"ப்ரியா, அந்தத் தேனீ புக்க முதல்ல போடு."

அவள் திரும்பினாள். "அக்கா, நெசமாவே நீங்க படிக்கவே இல்லீங்களா?"

"இல்ல."

அந்தப் பெண் பதிவைத் திறந்து, அடிக்கட்டத்துக்குப் போய், கூரையைப் பார்த்து யோசித்தாள். யோசிக்கும்போதே முகத்தில் சிரிப்பு வந்தது. கெசியா அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு எழுத்துகள் வர ஆரம்பித்தன. 'சனிக்கிழமைகளில் இந்தப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு' என்று தொடங்கி வேகமாக நீண்ட வரி, நடுவில் ஒரு வார்த்தையில் நின்றது.

"ரெண்டே வரிதானுங்க" என்றாள் கிருஷ்ணப்ரியா. "இந்த எடத்துல அண்ணா ஒரு வார்த்தை சொன்னாங்க. இது இல்லீங்க. இது மாதிரி வேற ஒண்ணு."

அடித்த வார்த்தையை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். வேறொன்று அடித்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு அதையும் அழித்தாள். அவளுடைய தோளுக்கு மேலாகக் குனிந்து நின்ற கெசியாவின் முன்னால், அந்த வெற்றிடத்தில் கோடு ஒன்று விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.