சகலையின் இடுப்பளவு

அளவு நாடாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அன்றைக்குத் தையல்காரருக்கு வினையே அதனால்தான் வந்தது.

சகலையின் இடுப்பைச் சுற்றி நாடாவைப் போட்டுப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். போன தடவை இருந்த இடுப்பில் மூன்று அங்குலத்தைக் காணோம். எங்கே போயிருக்கும் என்று தேட வேண்டியதில்லை, மேலே மார்பில் போய் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

மூலையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். சகலை என்றால் அவளுடைய அக்கா புருஷன். வீடு வீடாக வயர் இழுக்கும் எலக்ட்ரீஷியன்.

"அத்தான், என்ன இது! புது மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க. அக்கா சோறு போடுறாளா இல்லையா?"

"போடுறா, போடுறா. காலையில வீட்லயே கொஞ்சம் பயிற்சி பண்றேன், அதான்."

"என்ன மெஷின் வாங்கியிருக்கீங்க சகலை?" தையல்காரர் ஏதோ போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டார்.

"மெஷினெல்லாம் இல்ல சகலை. ஒரு ரப்பர் பட்டை, கீழ விரிக்க ஒரு பாய். அவ்வளவுதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் என்று தையல்காரருக்குப் பட்டது. ஆனால் அவரைக் குடைந்தது அதுவல்ல, மனைவி பார்த்த பார்வை. அதை அவருக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் அவர் பக்கம் அடிக்கடி வந்துபோன பார்வைதான். இப்போது விலாசம் மாறிப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் சகலையின் சட்டைத் துணியை மேசையில் விரித்துச் சாக்பீஸை எடுத்தார். பக்கவாட்டுக் கோடு இடுப்பில் கொஞ்சம் உள்ளே வளைய வேண்டும். அவர் கை வளையவில்லை. தலையணை உறைக்குப் போடுகிற மாதிரி நேராக, தாராளமாக இறங்கியது. கத்தரிக்கோலை எடுக்கப் போனபோது மனைவியின் உள்ளங்கை துணிமேல் வந்து உட்கார்ந்தது.

"இது யாருக்கு?"

"சகலைக்குத்தான்."

"அவருக்கா, அவர் வீட்டு பீரோவுக்கா?"

"கொஞ்சம் காத்தோட்டமா இருக்கட்டுமேன்னு..."

"உங்க வயித்தெரிச்சலை அந்த மனுஷன் சட்டையில வச்சுத் தைக்காதீங்க. அழிங்க கோட்டை. சாயங்காலம் கடைக்குப் போவோம். உங்களுக்கும் ஒண்ணு வாங்கிடலாம், பிரச்சனை தீர்ந்துச்சு."

கோட்டை அழித்து ஒழுங்காக வளைத்துப் போட்டார். வெட்டும்போது கத்தரிக்கோல் பல்லைக் கடிப்பதுபோலக் கேட்டது.

உடற்பயிற்சிச் சாமான்கள் விற்கும் கடையில் நுழைந்ததுமே அவர் கால்கள் நேராகப் பெரிய டிரெட்மில் மெஷின் முன்னால் போய் நின்றன. பச்சையும் சிவப்புமாக விளக்கு எரிந்தது.

"இதுதான். வீட்டுக்கு யாரு வந்தாலும் முதல்ல கண்ணுல படும்."

"யாரு வந்தாலும்னா, எங்க அத்தானா?"

அவர் காதில் விழாத மாதிரி, கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த நாடாவை எடுத்து மெஷினை நீட்டு வாக்கில் அளந்தார். "நம்ம முன்னறையில கச்சிதமா உட்காரும்."

"மெஷின் உட்காரும். நீங்க எங்க நிப்பீங்க? கதவை எப்படித் திறக்கிறது? துணிக்கு விளிம்பு விடத் தெரியுதுல்ல, சுவருக்கும் கொஞ்சம் விடுங்க."

கடைக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தையல்காரர் விறைப்பாக நகர்ந்து உடற்பயிற்சி சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார்.

"அப்ப இது."

"நாள் பூராக் குனிஞ்சு உட்கார்ந்து தையல் மெஷினை மிதிக்கிறீங்க. வீட்டுக்கு வந்தும் குனிஞ்சு உட்கார்ந்து மிதிக்கவா? அதுக்கு ரெண்டு சட்டையாவது தச்சுக் குடுக்கலாம்."

"சாருக்கு எங்க வலிக்கும்?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள்.

அவர் வாயைத் திறக்குமுன் மனைவியே சொன்னாள். "பிடரியிலேருந்து தோள்பட்டை வரைக்கும். தூக்கத்துல புரண்டா முனகுவார்."

அது அவளுக்குக் கேட்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

அந்தப் பெண், கலருக்குத் தகுந்தபடி பட்டையின் முரடு மாறும் என்று சொல்லி, ஒரு மஞ்சள் ரப்பர் பட்டையைக் கொடுத்து, கைகளை நீட்டி இருபக்கமும் இழுக்கச் சொன்னாள். இழுத்தார். முதுகில் எத்தனையோ காலமாகப் பூட்டிக் கிடந்த ஏதோ ஒன்று திறந்துகொண்டது. மூச்சு அடிவயிறுவரை இறங்கியது. "அடடா" என்று வந்துவிட்டது. உடனே முகத்தைச் சுருக்கிக்கொண்டார். சகலையின் சமாச்சாரமாயிற்றே.

"இப்ப உங்க முகம் எப்படி இருந்துச்சு தெரியுமா?" என்றாள் மனைவி. "இதையே வாங்குவோம்."

தையல்காரர் ஓரமாகப் போய்ப் போன் போட்டார்.

"சகலை, உங்க பட்டை என்ன கலர்?"

"பச்சை. ஏன் சகலை?"

"சும்மாதான்." போனை வைத்துவிட்டுத் திரும்பினார். "பச்சையைவிட முரடானது எதும்மா?"

"கறுப்பு சார். ஆனா புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு மஞ்சள்தான்..."

"கறுப்பு குடுங்க."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

வீட்டில் பாயை விரித்துக் கறுப்புப் பட்டையை இழுத்தார். அசையவில்லை. முகம் சிவந்ததுதான் மிச்சம். பட்டையும் அவரைப் போலவே பிடிவாதம் பிடித்தது.

"போய் மஞ்சளா மாத்திட்டு வரலாமா?"

"வேண்டாம்."

"வீம்புக்கு ஒண்ணும் குறைச்சலில்ல. தள்ளி உட்காருங்க." அவருக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தோடு பாதம் வைத்து முட்டுக் கொடுத்துக்கொண்டாள். பட்டையின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை அவர் கையில். "இப்ப ரெண்டு கையாலயும் இழுங்க. தரையை என்ன பார்வை? நிமிர்ந்து என்னைப் பாருங்க."

நிமிர்ந்தார். பட்டை ஒரு சாண் நீண்டது. அவள் முன்னே சாய்ந்து, பின்னே இழுத்து, முகத்தில் விழுந்த முடியை ஊதித் தள்ளிக்கொண்டு சிரித்தாள். அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூச்சு வாங்க ஒரு கேள்வி கேட்டார். "சகலைக்கு அந்தப் பக்கம் யாரு பிடிக்கிறா? உங்க அக்காவா?"

"அக்காவா! அவளுக்கு அது தூங்குற நேரம். ஜன்னல் கம்பியில கட்டித்தான் இழுக்கிறாராம்."

"ஜன்னல் கம்பியிலயா?"

"ம்."

"பாவம்டி சகலை," என்றார் தையல்காரர். அவ்வளவு மனம் நிறைந்து அவர் யாருக்கும் இரக்கப்பட்டதே இல்லை. "இன்னொரு தடவை இழு."