மிச்சம் இருந்த மருந்து

தம்பி கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். கை சுத்தமான கை என்று முதலாளி மெச்சுவார். வேலையில் குறை இல்லை, கடைக்கு வந்து சேர்வதில்தான் குறை. பேருந்து நிறுத்தம் வரை போவான். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருவான். மறுபடி போவான், மறுபடி வருவான். ஒரு காலையில் பதினொரு தடவை எண்ணியிருக்கிறேன்.

அப்பா இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அடுப்பின் இரண்டு குமிழ்களையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தையல் கடைக்குப் போய்விடுவார். அங்கே சாக்குக்கட்டியைத் தேடிப் பைக்குள் கையை விட்டால் குமிழ்தான் வருமாம். நாளைக்கு சிலிண்டரையும் தூக்கிட்டு வந்துடுங்க என்று கூட்டாளி கேலி செய்வாராம். எனக்கு மதியம் ஆறிய சோறு. அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் கேள்வி கேட்க ஆளில்லை.

பத்து மணிக்குள் வருவதாக இருந்தால் வரட்டும், இல்லையென்றால் வேண்டாம் என்று முதலாளி சொன்ன பிறகுதான் டாக்டரிடம் போனோம். அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் மூளையை வரைந்தார். ஏதோ தப்பு என்று முன்பகுதி மணி அடிக்கிறது. சரிபார்த்ததும் அந்த மணி நிற்க வேண்டும். இவனுக்கு நிற்பதில்லை, வட்டமடித்துக்கொண்டே இருக்கிறது. பரம்பரையும் ஒரு காரணமாக இருக்கலாம், முழுக்கக் காரணம் யாருக்கும் தெரியாது என்றார். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும்.

"அப்போ நான் வேணும்னு பண்ணல இல்ல?" என்று தம்பி கேட்டான்.

"இல்லப்பா" என்றார் டாக்டர்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்னொன்றும் டாக்டர் சொன்னார். அவனுக்காக நாங்கள் எதையும் சரிபார்க்கக் கூடாது. அணைச்சாச்சு என்று ஒரு தடவைகூடச் சொல்லக் கூடாது. ஒவ்வொரு பதிலும் அந்த வட்டத்துக்குப் போடும் தீனி. அப்பா பையிலிருந்து குமிழ்களை எடுத்து மேசைமேல் வைத்தார்.

நான் உயிரியல் படித்தவள். வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். தொண்டைத் தொற்றுக்குப் பின் சில குழந்தைகளுக்கு இது திடீரென வரலாம், கிருமியோடு சண்டை போடும் எதிர்ப்புச் சக்தி தவறுதலாக மூளையையும் தாக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அவன் ஏழு வயதில் தொண்டைக் காய்ச்சலில் கிடந்தான். எனக்குப் பதினொன்று. பத்து நாள் மருந்து என் பொறுப்பு. கசக்கிறது என்று அழுதான். நாலாம் நாளோடு நிறுத்தி, மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, கொடுத்தாச்சு என்று அப்பாவிடம் சொன்னேன்.

அடுத்த தடவை டாக்டரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். இவனுக்குப் பதினேழு வயதில், மெதுவாக வந்தது. ரெண்டையும் முடிச்சுப் போடாதீங்கம்மா என்றார். புரிந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வாரம் முழுக்க அவன் பத்து மணிக்குள் கடையில் இருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவனிடம் சொல்லிவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று அவன் வாயால் கேட்க வேண்டும்போல் இருந்தது.

சிரித்தான். "அந்தக் கசப்ப ஊத்தினதுக்கு உனக்குச் சிலையே வைக்கணும்க்கா."

நகம் வெட்டிக்கொண்டிருந்தவன் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான். "எத்தனை நாள் மருந்து பாக்கி?"

"ஆறு."

"ஆறா, அஞ்சா?"

மறுநாள் காலையில் நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்தான். அடுப்பைப் பார்க்கவில்லை. என்னிடம் வந்தான். "ஆறுதானே?" ஆமாம் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அந்த வாரக் கடைசியில் ஒரே காலையில் ஒன்பது தடவை வந்தான். முதலாளி அப்பாவுக்குப் போன் செய்தார். நாளை பத்து மணிக்குள் வர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்.

இன்று அவன் வெளியே போனதும் கதவைத் தாழிட்டேன். ஒன்பதேகாலுக்குத் தட்டினான். ஒன்பதரைக்கு மறுபடி.

"அக்கா, ஒரே தடவை. ஆறுதானே?"

என்ன ஆறு என்று அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு இன்னும் தெரியாது. அவர் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய் வெறுங்கையாக வெளியே வந்தது.

நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். தெருமுனையில் அவன் பிடிக்க வேண்டிய பேருந்து நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் செருப்பு நகரவில்லை.