முத்திரை விழும் வாசல்

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு என் மகள் தேவந்தி ஆற்றின் அக்கரையிலிருந்து போன் செய்தாள். நியூயார்க்கிலிருந்து கயானாவில் வந்து இறங்கியிருந்தாள். எல்லைக்கு இந்தப் பக்கம், இக்கரையில், நிக்கரியில் எங்கள் வீட்டில், அவளுடைய அம்மா பூல்மதிக்கு மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"பா, இன்னைக்கு ஃபெரி போயிருச்சாம். இனி நாளைக் காலையிலதான். பேக்டிராக் படகுல வந்துரட்டா? கால் மணி நேரம்தான்."

பேக்டிராக் என்பது கடவுச்சீட்டில் முத்திரை விழாத கள்ளப் படகு வழி. முப்பத்தோரு ஆண்டுகள் சுங்கக் காவலனாக அந்தப் படகுகளைத் துரத்தியவன் நான். அப்படியொரு படகில்தான் பத்தொன்பது வயதில் இவள் அக்கரைக்காரன் ஒருவனோடு ஓடிப்போனாள். அந்த வாரம் முழுக்க ஊரே என் சீருடையைப் பார்த்துச் சிரித்தது.

"உள்ள வர்றதுக்குக் கம்ப்யூட்டர்ல வாங்கின அனுமதில எந்த வாசல் போட்டிருக்கு?" என்றேன்.

"ஃபெரித் துறை."

"அப்ப அந்த வாசல் வழியாவே வா. போனதுதான் திருட்டுத்தனமாப் போன. வர்றதாவது பேரோட வா."

 "சரிங்க பா" என்று வைத்துவிட்டாள்.

பக்கத்தில் நின்ற என் மகன் ஜய்நாத் முணுமுணுத்தான். "கோழி வாங்கக்கூட ஜனங்க அந்தப் படகுலதான் போய்ட்டு வருது. ஆத்துக்கு உங்க சட்டமெல்லாம் தெரியாது."

"கோழி வாங்கப் போறவங்க என் மக இல்லை."

பூல்மதி கண் திறந்தாள். "யாரு போன்ல?"

"தேவந்தி. நாளைக்கு வர்றா."

"நாளைக்கா." மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "எதுல?" என்றாள்.

"ஃபெரியில. முறையா."

"பெரிய ஆளாயிட்டா" என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

நான்கு மணிக்கு மூச்சின் சத்தம் மாறியது. ஜய்நாத் போனை என்னிடம் நீட்டினான். "இப்பச் சொன்னாக்கூட வந்துருவா, பா. உங்க வாயால ஒரு வார்த்தை."

நான் கை நீட்டவில்லை.

ஐந்தரைக்கு, வெயில் இருக்கும்போதே, பூல்மதி போய்விட்டாள்.

மறுநாள் பகலில் தேவந்தி வந்தாள். வாசலில் கூடியிருந்தவர்கள் வழிவிட்டார்கள். உள்ளே போகாமல் நேரே என் நாற்காலிக்கு முன் வந்து நின்றாள். கடவுச்சீட்டை விரித்து நீட்டினாள்.

"பாருங்க பா. சரியா விழுந்திருக்கா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தேதி.

"சரியா இருக்கு" என்றேன்.

அவள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவிடம் போனாள்.